சங்கிலியை மீட்டுவிட்டேன், மச்சான்

என் ஆசை மச்சானுக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் காது கொடுங்கள். அடகு வைத்த என் சங்கிலியை இன்று திருவாடானை பேங்கில் மீட்டுவிட்டேன்! கழுத்தில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும்.

கடன் என்றாலே உங்களுக்கு ஆகாது. உங்கள் அய்யா நிலத்தை அடமானம் வைத்துப் போர் போட்டார். வந்தது உப்புத் தண்ணீர், போனது பாதி நிலம். அதிலிருந்து, "கடன்னு வாயத் தொறந்தே, இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன் பிள்ளை" என்பீர்கள்.

ஆனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியில் விதைநெல்லை வீசுவீர்களே, அது என்ன? மழை ஏமாற்றினால் அத்தனையும் போச்சுதானே? வானத்தை அப்படி நம்பிய மனிதர் ஒரு கையெழுத்துக்குப் பயந்தது ஏன்? நீங்கள் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

நீங்கள் போன மறு வருஷம் மிளகாய்ச் செடி பூவோடு கருகியது. அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஐப்பசியில் நம் வயலில் பெய்த மழை சும்மாதானே ஓடிப்போனது? சங்கிலியை அடகு வைத்து, அதைப் பிடித்து வைக்க ஒரு பண்ணைக்குட்டை வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

உங்கள் தம்பி குதித்தார். "மதினி, அண்ணன் இருந்தா விடுமா? குட்டையும் வத்திப்போனா என்ன செய்வீக?"

"சங்கிலிதான் போகும் தம்பி. வயக்காடு போகாதுல்ல?"

நிலப் பத்திரம் கொண்டுவந்தால் இன்னும் தருகிறோம் என்றார்கள் பேங்கில். ஆசையாகத்தான் இருந்தது. உங்கள் பயம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த மார்கழியில் மழை பாதியில் நின்றுபோனது. ஊரே வானத்தைப் பார்த்தது. நான் குட்டையில் இன்ஜினை வைத்து மூன்று தண்ணீர் பாய்ச்சினேன். குண்டு மிளகாய் காய்த்த காய்ப்பு இருக்கிறதே, அடேயப்பா! பரமக்குடி வியாபாரி வீடு தேடி வந்தார்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கினால், உங்கள் தம்பி நிற்கிறார். என் கழுத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "மதினி, என் வீட்டுக்காரி வளையல் சும்மாதான் கெடக்கு. பேங்குக்குக் கூட வாரீகளா?"

"வாரேன். பத்திரத்தை மட்டும் எடுத்துட்டு வந்துறாதீக" என்றேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

மச்சான், இனியும் கடன் வாங்குவேன், கோபிக்காதீர்கள். ஆனால் நீங்கள் பூட்டி வைத்த பத்திரம் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வராது. நம் மகள் மேல் சத்தியம்.

உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டிருக்கிறேன். கடன் அடைந்துவிட்டது. இப்போது சாப்பிடலாம் மச்சான்.

உங்கள் பேச்சை மீறிய,
உங்கள் அத்தை மகள்