ஒரு சைஸ் பெரிய சேர்ட்டுகள்

இஞ்சாருங்கோ,

இன்று காலை உங்கள் சேர்ட்டுகளை இரண்டு பைகளில் திணித்துக்கொண்டு லண்டன் இல்ஃபோர்டில், பழைய உடுப்புகளைத் தானமாக வாங்கி விற்கும் சரிட்டிக் கடைக்குப் போனேன். முப்பத்தோராம் நாள் கிரியையான உங்கள் அந்தியேட்டி முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. மகள்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா, அலுமாரியைத் திறக்கிறதும் அழுறதுமா எத்தினை நாளைக்கு இருக்கப் போறீங்கள்? ஆராவது போடட்டும்." சரிதானே என்று நானும் கிளம்பிவிட்டேன்.

கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நீலக் கட்டம் போட்டதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்கள் கணவர் நல்ல பருமனானவரா?" என்று கேட்டார். இல்லை, மெலிந்தவர் என்றேன். அவர் சேர்ட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அதில் இன்னும் உங்கள் சந்தனச் சவர்க்கார வாசனை இருந்தது. நான் அதை அவர் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மற்றவற்றை அவரே வைத்திருக்கட்டும்.

ஒரு மெலிந்த மனிதர் ஏன் வாழ்நாள் முழுக்க ஒரு சைஸ் பெரிய சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டு திரிந்தார் என்று அந்த மனுசிக்கு எப்படிச் சொல்வது? அதைச் சொல்ல எனக்கு இங்கிலீஸ் காணாது. தமிழிலும் உங்களுக்கு மட்டும்தான் சொல்லலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குக் கலியாணம் பேசிய நாட்களில் கொழும்பு நிலைமை உங்களுக்குத் தெரியாததா? செட்டியார் தெருவில் உங்கள் நகைக்கடை. பக்கத்துக் கடைக்காரரைப் பட்டப்பகலில் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நகைக்காகக் கொன்றுபோட்ட பிறகுதான், எத்தனையோ படி ஏறி இறங்கி, உங்கள் பெயரில் ஒரு பிஸ்டலுக்கு அனுமதி எடுத்தீர்கள். பட்டறையிலிருந்து கடைக்கு நகையை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும். மாப்பிள்ளை இடுப்பில் பிஸ்டல் வைத்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. என்னை யாராவது ஏதாவது சொன்னால் இவர் சேர்ட்டைத் தூக்கி ஒருமுறை காட்டினாலே போதும், ஆள் ஓடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயது, வேறென்ன நினைப்பேன்?

கலியாணம் முடித்து நான் வந்த முதல் கிழமையே என்னை உட்கார வைத்து, பிஸ்டலில் இருந்த ரவைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அதை ஒரு தடவை காட்டினீர்கள். "ஒருக்காப் பாரும். இனிப் பார்க்கவும் வேண்டாம், கேக்கவும் வேண்டாம். இப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஆருக்கும் சொல்லவும் கூடாது." அவ்வளவுதான். அதன் பிறகு தினமும் மாலையில் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவீர்கள். ஐந்து நிமிடம். ரவைகள் ஓரிடம், பிஸ்டல் வேறிடம், இரண்டுக்கும் பூட்டு. சாவிகள் உங்கள் கழுத்துச் சங்கிலியில். வெளியே வந்து முகம் கழுவிய பிறகுதான் என்னிடம் தேநீர் கேட்பீர்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் நான் கதவைத் தட்டினால்கூட உங்களுக்குப் பிடிக்காது.

எனக்குப் பெருமை வற்ற அதிக நாள் ஆகவில்லை. சித்தப்பாவின் மகள் கலியாணத்தில் ஆண்கள் எல்லாரும் மொட்டைமாடியில் கூடிக் குடிக்க, நீங்கள் ஒரு கிளாஸ் இஞ்சிச் சோடாவைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றீர்கள். பேச்சு கொஞ்சம் சூடேறினால் போதும், எழும்பிப் போய்விடுவீர்கள். ஒருநாள் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒருவன் தன் காரை நம் காரில் உரசிவிட்டு, இறங்கிவந்து நம்மையே தூஷணத்தால் ஏசினான். நீங்கள் அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். பிழை செய்தவன் அவன்! நான் வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தேன். வாசல் படலையைத் திறக்கும்போது சொன்னீர்கள்: "இது இடுப்பிலை இருக்குமட்டும் ஒருத்தரோடையும் சண்டை கொழுவ எனக்கு உரிமை இல்லை. எல்லாருக்கும் கோவம் வரலாம். எனக்கு வரப்படாது." பிறகு எதற்கு அதைக் கட்டிக்கொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டேன். "உயிர் போற கட்டத்துக்கு. அதுவும் ஓடித் தப்ப ஏலாட்டி."

சோதனைச் சாவடிகளை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. தமிழன், இடுப்பில் பிஸ்டல். ஆமிக்காரர்கள் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிட வேண்டும். கைகள் இரண்டையும் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில், மெதுவாக, என்னிடம் அனுமதி பெற்ற ஆயுதம் இருக்கிறது, கடதாசி மேல் பொக்கெட்டில் இருக்கிறது, நீங்களே எடுத்துப் பாருங்கள் என்பீர்கள். ஒருபோதும் உங்கள் கை இடுப்புப் பக்கம் போனதில்லை. அந்தப் பழக்கம் லண்டனுக்கும் வந்தது. ஒருமுறை பின் லைட் எரியவில்லை என்று பொலிஸ் நம் காரை மறித்தபோது, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்துக்கொண்டு சிலைபோல இருந்தீர்கள். அந்தப் பொலிஸ்காரனே, பயப்படாதீர்கள் ஐயா, பல்ப் மாற்றினால் சரி என்றான். நானும் மகளும் ஒரு கிழமை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த வெள்ளவத்தைப் பின்னேரம் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு மறந்திருக்காது. நான்தான் அதை ஒரு பகிடியாக எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். தையல்காரரிடம் சட்டை வாங்கிக்கொண்டு வரும்போது, சந்தைக்கு முன்னால் நீங்கள் எனக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போவதைக் கண்டேன். சனம் நிறைந்த தெரு. புதிதாகக் கலியாணம் கட்டியவளுக்கு வேறென்ன தோன்றும்? மெல்ல மெல்லப் பின்னால் வந்து உங்கள் இடுப்பில் இரண்டு கையாலும் பிடித்தேன்.

நீங்கள் திரும்பிய வேகம். உங்கள் இடது கை என் மணிக்கட்டை முறிப்பதுபோலப் பிடித்தது. வலது கை சேர்ட்டுக்குக் கீழே இருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. என்னை அடையாளம் கண்டதும் அந்த முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. ஒரு புடவைக்கடைப் படியில் அப்படியே உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஐயோ, சரியான பயந்தாங்கொள்ளி! பொம்பிளை தொட்டதுக்கே இந்தப் பாடு, கள்ளன் தொட்டால் என்ன செய்வியள்?" நீங்கள் தண்ணீரைக் குடித்து முடித்து, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னீர்கள்: "இனி எனக்குப் பின்னாலை வந்தால் 'நான்தான் வாறன்' எண்டு சத்தமாச் சொல்லிக்கொண்டு வாரும். எங்கை எண்டாலும். வீட்டுக்குள்ளையும்."

அன்றிலிருந்து என்னை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நீர் முன்னுக்குப் போம், நான் வாறன் என்பீர்கள். நான் கோபித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். சில மாதம் கழித்து விசா வந்தது. பிஸ்டல் என்னவாயிற்று என்று பிளேனில் கேட்டேன். "பொலிசிலை குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். விசா வந்ததால் கொடுத்தீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்ட் ஹாமில் நாம் பலசரக்குக் கடை போட்டோம். தங்கம் இல்லை, பிஸ்டல் இல்லை. சேர்ட்டு மட்டும் அதே அளவு. நடக்கும்போது வலது முழங்கை இடுப்போடு ஒட்டி இருக்கும். கதவைப் பார்த்தபடிதான் உட்காருவீர்கள். நானும் சமைக்கக் குசினிக்குள் வரும்போதெல்லாம் "நான்தான் வாறன்" என்று பாடிக்கொண்டே வருவேன். சிலவேளை வேண்டுமென்றே ராகம் போட்டு. நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் ஒருநாளும், சரி, இனிச் சொல்ல வேண்டாம் என்று சொன்னதில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை மத்தியானம். குடிவெறிகாரன் ஒருவன் கடைக்குள் வந்து, பியர் இல்லை என்று நான் சொன்னதும் முட்டைத் தட்டைத் தட்டிவிட்டான். வந்த நாட்டுக்குத் திரும்பிப் போ என்று கத்தி என் முகத்துக்கு நேரே துப்பினான். நீங்கள் உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தீர்கள். இப்போதாவது ஏதாவது செய்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு, சொறி சேர், சொறி சேர் என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டபடி எனக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்று, அப்படியே பேசிப்பேசி அவனை வாசல்வரை கொண்டுபோய், கதவையும் திறந்து பிடித்தீர்கள். திறந்து பிடித்தீர்கள்! கடையில் இரண்டு பெண்கள் புளி வாங்க நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் கேட்டேன்:

"நீங்கள் எல்லாம் ஒரு ஆம்பிளையோ?"

நீங்கள் முழங்காலில் நின்று தரையில் வழிந்த முட்டையைத் துடைத்தீர்கள். எனக்கு முகம் துடைக்கத் துணி நனைத்துத் தந்தீர்கள். கடை பூட்டும்போதுதான் வாய் திறந்தீர்கள்: "அவன் தன்ரை வீட்டை போயிட்டான். நாங்களும் எங்கடை வீட்டை போறம். அது காணும். அதுவே போதும்."

எனக்குக் காணவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்த ஒரு நாளை வைத்து உங்களைக் குத்தினேன்! கவுன்சில் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரன் நம் வேலியைத் தள்ளிப் போட்டால், "உங்களுக்கெங்கே தைரியம்" என்பேன். மகளுக்கு முன்னால் சொல்வேன். விருந்தாளிகளுக்கு முன்னால் சொல்வேன். நீங்கள் செய்தித்தாளை ஒரு பக்கம் திருப்புவீர்கள். நாக்கு நீளம் என்று அம்மா என்னைச் சொன்னது பொய்யில்லை.

அந்தியேட்டியன்று வால்தம்ஸ்டோவிலிருந்து இராசன் அண்ணை வந்தார். உங்கள் செட்டியார் தெருக் கூட்டாளி. சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ வந்தவரிடம், பேச்சுக்குப் பேச்சாக, "இவர் சரியான பயந்த மனுசன், என்ன அண்ணை" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான், வாயில் வந்துவிட்டது. அவர் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

"தங்கச்சி, உமக்குத் தெரியாதே? அவன் உமக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

பிறகு சொன்னார். சந்தைக்கு முன்னால் அந்தப் பின்னேரம் நீங்கள் பிஸ்டலைப் பாதி உருவிவிட்டீர்களாம். சேர்ட்டுக்குள்ளேயே அது என் வயிற்றுப் பக்கம் திரும்பிவிட்டதாம். "அடுத்த நாள் விடியவே என்னட்டை வந்தவன். 'என்ரை மனுசியிலை நீட்டிட்டன் இராசன், இனி அதைத் தொட எனக்குத் தகுதி இல்லை' எண்டான். நான்தான் கூடப் போனனான் பொலிசுக்கு. அனுமதிக் கடதாசியையும் சேர்த்துக் குடுத்திட்டான். பொறு, வெளிநாடு போற வரைக்குமாவது வைச்சிரு எண்டு கெஞ்சினன். கேக்கேல்லை. ஏழு மாசம், தங்கச்சி. ஏழு மாசம் வெறும் இடுப்போடை நகை கொண்டு திரிஞ்சவன். பாக்கிறவன் பிஸ்டல் இருக்கெண்டு நினைக்கட்டும் எண்டு சேர்ட்டை மட்டும் வெளியாலை விட்டுக்கொண்டு."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீடு நிறைய ஆட்கள்.

ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நீங்கள் மாலையில் வந்து, அறைக்குள் போய், கதவைச் சாத்தினீர்கள். ஐந்து நிமிடம், ஒருநாள் தவறாமல். கழுத்தில் சாவிகளும் இருந்தன. பூட்டுவதற்கு ஒன்றும் இல்லாத அறைக்குள் தனியாக என்ன செய்தீர்கள்? கட்டிலில் இருந்தீர்களா? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களா? வெளியே அடுப்படியில் நான், என் மனுசன் பிஸ்டலோடு பத்திரமாக வந்துவிட்டார் என்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். நான் பயப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே? என்னைக் கூட்டிக்கொண்டு போகாததும், ஏதாவது நடந்தால் நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே? அதற்கும் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில் அப்படிக் கேட்ட அன்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தெருவில் என் வயிற்றுக்கு நேரே நின்றது என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தில் படுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும் என்று நினைத்தீர்கள்போல. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அதைவிடப் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். முப்பது வருடத்துக்குக் கிட்ட.

மன்னிப்புக் கேட்க எனக்கு இடமில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாளில்கூட, திரைச்சீலையை விலக்குமுன் "நான்தான் வாறன்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் கண்ணைத் திறந்ததும், "என்ன, ஊசிக்கும் பயமோ?" என்றுதான் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்களிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அதை நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அதற்கு ஒரு சரிட்டிக் கடையும் இல்லை.

மத்தியானம் பஸ்ஸில் வரும்போது ஒருவன் என் காலை மிதித்துவிட்டு, என்னையே முறைத்தான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நான் சொறி என்றேன். அடுத்த தரிப்பில் அவன் இறங்கிப் போனான். நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். உங்கள் நீலக் கட்டச் சேர்ட்டு என் பையில் இருந்தது. நீங்கள் எப்போதும் கதவைப் பார்த்து உட்காரும் கதிரை வெறுமையாக இருந்தது. இருந்தாலும் நடையில் நின்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நான்தான் வாறன்."

நீங்கள் ஆள் யாரென்று அறிந்து, கையைத் தளர்த்துவதற்கு எடுக்கும் அந்தக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தேன்.