இரண்டாவது நூல் அறுந்தபோது

இன்று காலை மெஷினை ஆட்டுவிக்கும் மென்பொருளான கெர்னலின் புதுப் பதிப்பைப் போர்டில் ஏற்றி எடுத்துக்கொண்டு, துணி பின்னும் நிட்டிங் கூடத்துக்குள் நுழைந்தேன். சூடான எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் தும்மல் வந்தது. கூடவே உன் நினைப்பும். "பேரு இன்ஜினியரு, தூசி தாங்காதாக்கும்" என்று சிரிப்பாயே!

நிட்டிங் மெஷினில் நம் கன்ட்ரோல் பெட்டியைப் பொருத்த நமக்குக் கிடைத்த முதல் ஆர்டர் பல்லடம் ரோட்டு யூனிட்டில். நூல் அறுந்தால் சென்சார் கூப்பிடும். கெர்னல் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு மெஷினை நிறுத்த வேண்டும். இன்டரப்ட் என்கிற அந்த இடைமறிப்பை நாம் இருவரும்தான் எழுதினோம். அப்படியும் துணி ஓட்டையோடு இறங்கியது. "நாளைக்கும் இப்படின்னா பொட்டியக் கழட்டிட்டுப் போயிருங்க அம்மிணி" என்றார் முதலாளி.

நான் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ போய் ஆபரேட்டர் பக்கத்தில் நின்றாய். ஒரு நூல் அறுந்து மெஷின் நின்றது. தொங்கிய நுனி அடுத்த நூலிலும் சிக்கி அதையும் அறுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. முதல் நூலை முடிச்சுப் போட்டதும் ஸ்டார்ட்டைத் தட்டினார். மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது.

"என்னம்மா, உங்க பெட்டி தூங்குதா?" என்றார் அந்தத் தென்காசிக்கார ஆபரேட்டர்.

"ஏம்புள்ள, இங்க வா!" என்று கத்தினாய். "எல்லாச் சென்சாருக்கும் ஒரே ஒயரு. மொத நூலுக்கே சிக்னல் எறங்கிருச்சு. ரெண்டாவது அறுந்தப்ப அது எறங்கித்தான கெடக்குது? எறங்கற நேரத்த மட்டும் பாத்தா நமக்கு எப்புடித் தெரியும்?"

கெர்னல் அமைப்பில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம். சிக்னல் இறங்கும் கணத்தை விட்டுவிட்டு, இறங்கிக் கிடக்கும் வரை விடாமல் கூப்பிடச் சொன்னோம். இரண்டாவது நூல் அறுந்து கிடக்க, மறுபடி ஸ்டார்ட்டைத் தட்டியபோது மெஷின் அசையவில்லை. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

போன ஆடியில் நீ போய்விட்டாய். ஊரே திரண்டு வந்து அன்றைக்கு அழுதது, பிறகு அவரவர் வேலைக்குப் போனது. உன் அம்மா மட்டும் நீ வந்திறங்கும் சாயங்கால பஸ் சத்தம் கேட்டால் இன்னும் வாசலுக்குப் போகிறார். "வேலையக் கெடுத்துக்கிட்டு எதுக்குக் கண்ணு வாராவாரம் வர்றே?" என்று என்னிடம் கேட்கிறார். "இருக்கட்டுங்கம்மா" என்பேன்.

புது கெர்னலில் அந்த அமைப்பு பழையபடி மாறிக் கிடந்தது. நானே திருத்தினேன். இரண்டு நூலை அறுத்து, ஒன்றை மட்டும் முடிச்சுப் போட்டு, ஸ்டார்ட்டைத் தட்டினேன். மெஷின் நகரவில்லை. "பாத்தியா புள்ள!" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்லிவிட்டேன். ஆபரேட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்கு, குன்னத்தூர் பஸ் ஏறுவேன். அம்மாவுக்கு இன்னும் துக்கம் தீரவில்லை. எனக்கும்தான்.