முறையாக விடைபெற்றதால் நீக்கப்பட்ட என் பெயர்

அனுப்புநர்
வே. ரேணுகாம்பாள் (வயது 19),
த/பெ வேணுகோபால்,
கொசப்பாளையம், ஆரணி,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்
இணை இயக்குநர் அவர்கள்,
கல்லூரிக் கல்வி, வேலூர் மண்டலம்,
வேலூர்.

பொருள்: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாமாண்டில் கல்லூரி மாற முயன்றபோது, படிப்பை நிறுத்தியதாகப் பெயர் நீக்கப்பட்டது – பெயரை மீண்டும் சேர்த்து, மாறுதல் வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆரணிக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் முதலாண்டு முடித்தேன். இரு கல்லூரிகளின் பெயர்களும் இணைப்பில் உள்ளன. மனுவிலேயே எழுதினால் கல்லூரிக்காரர்களுக்கு என் மேல் கோபம் வரும் என்று அம்மா பயப்படுகிறார். முதலாண்டின் நடுவில் எங்கள் இயற்பியல் பேராசிரியர் விலகினார். வேறு ஆள் வரவில்லை. ஆய்வகம் பூட்டியே கிடந்தது. செய்முறைப் பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். ஆகவே வேலூரிலுள்ள ஒரு கல்லூரிக்கு மாற விரும்பினேன். அங்கே இடமும் காலியாக இருந்தது.

2. புதிய கல்லூரியில் இடம் உண்டு என்ற கடிதத்தை முதலில் வாங்க வேண்டும். அதைக் காட்டிப் பழைய கல்லூரியில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். அதுவரை பெயர் பழைய பதிவேட்டில் இருந்தாக வேண்டும். இதை அப்பாவிடம் இரண்டு முறை விளக்கினேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

3. அப்பா பட்டு நெசவாளர். எங்கள் தொழிலில் முதலாளி மாறுவதற்கு ஒரு முறை உண்டு. தறியில் ஏறிய பாவு நூலை நெய்து முடித்து, சேலையை அறுத்துக் கொடுத்து, பழைய முதலாளியிடம் நேரில் சொல்லிக்கொண்ட பிறகே புதியவர் வாசலில் கால் வைக்கலாம். அதற்கு முன் அங்கே வாய் திறப்பது துரோகம். குடும்பம் முழுவதற்கும் அப்பாவே பேசுவார். மற்றவரைக் கேட்கும் வழக்கமில்லை. அப்படியே 09.07.2025 அன்று, எனக்குத் தெரியாமல், வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு முதல்வர் அறைக்குப் போயிருக்கிறார். “புள்ளைய வேற எடத்துல சேக்கப் போறோம், உங்ககிட்ட சொல்லிகினு போலாம்னு வந்தேங்க” என்றாராம். முதல்வர் அவரை உட்காரவைத்து ஓர் அச்சடித்த தாளை நீட்டினார். தமக்கு நல்லபடியாக விடை கொடுக்கிறார்கள் என்று நம்பி அப்பா கையெழுத்திட்டார். அது படிப்பை நிறுத்துவதற்கான விண்ணப்பம்.

4. மறுநாள் வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. வேலூரில் கேட்டால், படிப்பவருக்குத்தான் மாறுதல், நிறுத்தியவருக்கு இல்லை, பழைய கல்லூரியில் மறுபடி சேர்ந்துவிட்டு வா என்கிறார்கள். பழைய கல்லூரியில் கேட்டால், நீக்கிய பெயரை இந்த ஆண்டு சேர்க்க முடியாது, அடுத்த ஜூனில் வா என்கிறார்கள். அலுவலக எழுத்தர், “உங்க அப்பாவே கையெழுத்து போட்டுட்டாரு, நாங்க இன்னாம்மா பண்றது?” என்றார். ஆறு வாரத்தில் பதினொரு முறை அலைந்துவிட்டேன். இருவரும் விதியைத்தான் சொல்கிறார்கள், குரலை உயர்த்தவும் இல்லை.

5. அப்பா இப்போது என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவரைப் பார்த்தால் அதைச் சொல்ல வாய் வருவதில்லை. படிப்பு நின்ற பெண் என்று தெருவில் பேச்சாகிவிட்டது. போன வாரம் களம்பூரிலிருந்து ஒரு வீட்டார் பெண் கேட்டே வந்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகிறாள் என்று மறுக்க அம்மாவால் முடியவில்லை.

6. பருவத் தேர்வுக்குப் பதிய 12.09.2025 கடைசி நாள். அதற்குள் என் பெயர் ஏதாவது ஒரு கல்லூரிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். எனவே பெயர் நீக்கத்தை ரத்து செய்து, பழைய கல்லூரியில் என்னைச் சேர்த்து, அங்கிருந்து முறைப்படி மாறுதல் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

7. ஐயா, விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளேன். மாணவியின் கையொப்பத்துக்கான கட்டம் அதில் காலியாக இருக்கிறது. கையெழுத்து வாங்கும்போது அப்பாவுக்குக் கல்லூரியில் யாரும் விதியை விளக்கவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. தாங்கள் விசாரிக்கும் நாளில் என்னை நேரில் அழைத்து ஒரே ஒரு முறை கேளுங்கள். நான் படிப்பை நிறுத்தவில்லை.

இடம்: ஆரணி
நாள்: 25.08.2025

எந்தக் கல்லூரிப் பதிவேட்டிலும் இல்லாத மாணவி,
வே. ரேணுகாம்பாள்