பழி போட ஒரு பகடை

ஞாயிறு, இரவு.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே கதையை நகர்த்தும், பகடையில்லாத ஒரு கதையாட்டத்தை மூன்று வருடமாக எழுதிவருகிறேன். அதை இன்று சூலூரில் முதல்முறையாக ஆடிப் பார்த்தோம். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. சண்டை வந்தால் அதிகக் கொட்டை வைப்பவர் ஜெயிப்பார்.

ஆபீஸ் நண்பர்கள் செந்திலும் ரேவதியும் கதைப்படி கோட்டை வாசலில் வாளோடு எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்களே ஜெயிச்சுக்குங்க," என்றார் செந்தில்.

"ஐயோ, வேண்டாங்க, நீங்க உள்ள போங்க," என்றார் ரேவதி.

அரைமணி நேரம் ஒரு கொட்டைகூட விழவில்லை. பகடை இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு வெட்டியிருப்பார்கள். முகத்துக்கு நேராக யாரையும் தோற்கடிக்க எங்கள் ஊர் ஆட்களுக்கு மனசு வராது. இதே ஊரில் பிறந்த எனக்கு இது ஏன் உறைக்கவில்லை? இனி எதைத் திருத்துவது?

கிளம்பும்போது ஆட்டம் எப்படி என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்றார்கள் இருவரும், கோட்டை வாசலில் பேசிய அதே குரலில்.