அரிசித் தட்டில் ஆங்கில வால்கள்

புரட்டாதி, திங்கள்
ஆபிரிக்காப் பக்கத்துச் சூட்டுக் காற்று. இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரம் முழுவதும் அடுப்படி.
பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கத்து ஹோட்டலில் இன்று சமையலறைக் கழிவுக் கொழுப்புத் தொட்டி துப்புரவு. வாள்மீன் எண்ணெய், ஒரு கிழமைப் பாஸ்தா, பெயரில்லாத ஏதோ ஒன்று. பதினெட்டு வருடமாக உலகத்து எச்சில் முழுவதையும் கழுவிய ஒரே மனிதன் நான். வீட்டு வாசலில் தங்கச்சியின் மகள் நிலா மூக்கைப் பொத்தினாள்: “உஃபா! மாமா, நாறுறீங்கள்! அங்கையே நில்லுங்கோ!”
வியாழன் ஒன்பதுக்கு மனேஜரின் ஆங்கிலச் சோதனை. பாஸ் என்றால் வரவேற்பு மேசை. இல்லையேல் சாகும்வரை தொட்டி.

செவ்வாய்
அதே காற்று. கொப்பியில் ஆங்கிலச் சொல் வால்கள் பாடம், சொல்லின் கடைசியில் ஒட்டுகிறவை.
ஃபுல் – நிறைய. லெஸ் – இல்லை. ஏபிள் – முடியும். நெஸ் – குணத்துக்குப் பெயர். அர் – செய்கிறவன். கிளீனர். இதை எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஹோம்லெஸ், வீடில்லாதவன். சரி. பிரைஸ்லெஸ், விலையில்லாதது அல்லவாம், விலைமதிக்க முடியாததாம்! தூ. இந்தப் பாஷையை வைத்துக்கொண்டா உலகத்தை ஆண்டார்கள்?

புதன்
சரஸ்வதி பூசை. வேலையால் வந்தால் கொப்பியைக் காணோம். தங்கச்சி கௌரி அதைப் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் பூசிவிட்டாள். மேலே என் வாசிப்புக் கண்ணாடி.
“நாளைக்குச் சோதனையடி!”
“தொடாதையுங்கோ அண்ணை. பூசையிலை வைச்சதை விடியத்தான் எடுக்கலாம். இண்டைக்குப் படிக்கவே கூடாது.”
“சரஸ்வதிக்கு என்னத்துக்கு இங்கிலீஷ்?”
“உங்களுக்காக அவ படிக்கிறா. பேசாமல் கடலையைத் தின்னுங்கோ.”
தின்றேன். பூமி உண்டான நாள் முதல் இப்படியொரு அநியாயம் நடந்ததில்லை.

வியாழன்
காற்று நின்றது. விஜயதசமி. விடியவே ஏடு தொடக்கல். மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் செய்வது. எனக்கு ஐம்பத்தாறு! கௌரி என் விரலைப் பிடித்து அரிசித் தட்டில் ‘அ’ எழுதுவித்தாள். விரலை விடவில்லை.
“இப்ப அந்த இங்கிலீஷையும் எழுதுங்கோ.”
எழுதினேன். லெஸ், ஃபுல், நெஸ், எல்லாம் பச்சையரிசியில். நிலா விழுந்து விழுந்து சிரித்தபடி வீடியோ. அவமானம், இமயமலையளவு.
சோதனையில் பத்துச் சொல். வாலைப் பார்த்துப் பொருள் எழுத வேண்டும். அரிசித் தட்டில் போல மேசையில் விரலால் கீறிப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எட்டுச் சரி. திங்கள் முதல் வரவேற்பு மேசை என்றார் மனேஜர்.
நேரே சமையலறை. என் ரப்பர் சப்பாத்தைக் குப்பைக்குள் எறிந்தேன். உள்ளே பிசுக்கு, சகிக்க முடியாத ஊத்தை. கதவுவரை போனேன். திரும்பி வந்து, எடுத்து, உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவி, அடுத்துத் தொட்டி கழுவ வருகிறவனுக்காக ஆணியில் கொழுவினேன். நாற்பத்தோராம் அளவு. யாருக்குப் பொருந்துமோ, பாவம்.