தாளில் போட்ட ஒன்பது டிக்

சின்னவனுக்கு, அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். போனில் சொன்னால் அப்பா பேச்சை எடுத்ததுமே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். போன வருஷம் இரண்டு தடவை அப்படிச் செய்தாய். ஒரு தடவை உன் பக்கத்தில் டிவி ஓடியது எனக்கு நன்றாகக் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகிறது. அக்கா சொல்லியிருப்பாள். கால் ஓரளவு வந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக நின்று, மைக் இல்லாமலே பஸ் நம்பர் கூப்பிட்ட மனுஷன், இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுகிறார். வாயைப் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக்கொள்கிறார்.

இப்போது ஒரு வைத்தியம் நடக்கிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை. தலைக்கு வெளியே காந்தம் வைக்கிறார்கள். துணித் தொப்பி மாட்டி, வலது பக்கம் ஓர் இடத்தைப் பேனாவால் குறித்து, எட்டுப் போட்ட மாதிரி ஒரு கருவியை அதன்மேல் பிடித்து, நொடிக்கு ஒரு தட்டாக இருபது நிமிஷம். முதல் நாள் அந்தக் காந்தம் இழுத்துவிடப் போகிறதே என்று சேலையில் இருந்த ஊக்கையெல்லாம் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, முந்தானையைக் கையால் பிடித்தபடி வெளியே உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா மகள் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறாள். அவள்தான் வேலைக்குப் போகும்போது எங்களைக் கொண்டுபோய் விடுகிறாள். திரும்பி வர இரண்டு பஸ் மாற வேண்டும். அவருக்குக் கோல் இருக்கிறது, என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

மூளையில் இடது பக்கம் அடிபட்டதிலிருந்து வலது பக்கம் ரொம்பச் சத்தம் போடுகிறதாம், அந்தச் சத்தத்தில் அடிபட்ட பக்கத்தால் எழுந்திருக்க முடியவில்லையாம். சத்தம் போடுவதைக் கொஞ்சம் அமர்த்தினால் மற்றது மெல்ல வாயைத் திறக்கலாம் என்றார் டாக்டர். உங்கப்பாவோடு குடித்தனம் செய்தவளுக்கு இதை ஒருத்தர் விளக்க வேண்டுமா? எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். மொத்தம் பதினைந்து தடவை.

இதில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். காந்தம் வைத்த பிறகு பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற பெண் முதல் நாளே, வீட்டுக்குப் போனதும் அரை மணி நேரம் யாராவது எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும், அப்போதுதான் பிடித்துக்கொள்ளும், வீட்டில் அவரோடு அதிகம் பேசுவது யார் என்று கேட்டாள். பேத்தி சட்டென்று பாட்டிதான் என்று சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டிவிட்டேன். பதினொரு வருஷம் நாலு மாதமாக நாங்கள் பேச்சுவார்த்தை இல்லை, சாப்பாடு ஆயிற்று என்று நான் சுவரிடம் சொல்வேன், அவரும் சுவரிடம்தான் உப்புக் கேட்பார் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? பேசின நாளுக்கு டிக் போடச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருந்தாள். ஒன்பது நாளும் போட்டேன். ஒரு நாளும் பேசவில்லை.

வியாழக்கிழமை அவள் தாளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பேசியும் துளியும் அசையவில்லையே, இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, நிறுத்திவிடலாமா என்று டாக்டரைக் கேட்கப் போகிறேன் என்றாள். உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. இன்றைக்கே ஆரம்பியுங்கள் பாட்டி என்றாள்.

வீட்டுக்கு வந்து எதிரில் நாற்காலியைப் போட்டேன். வாயைத் திறந்தால் திட்டுதான் வருகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையில் ஆரம்பித்தேன். நாலு பேர் காலைப் பிடித்து வாங்கித் தந்த டிப்போ வேலையை நீ சொல்லாமல் விட்டதற்காக அவர் உன்னை வாசலோடு அனுப்பியது, அன்று நீ போட்டிருந்த நீலக் கட்டச் சட்டை, நீயும் வீம்பாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது, எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் போதவில்லை. அவர் கண்ணைத் தாழ்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்து, போ என்றார்.

உனக்கு அன்று சொன்ன அதே சொல். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், இந்த மனுஷனோடு என்னால் ஆகாது என்று சொன்னேன். அவள்தான் விளக்கினாள். சிலருக்கு மற்ற சொல்லெல்லாம் அழிந்து ஒன்றே ஒன்று தங்கிவிடுமாம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், உட்காரு என்பதற்கும் அதுதான். அன்று பயிற்சியில், பேத்தி கொடுத்த படங்களில் உன் படத்தைக் காட்டியபோது அதையே ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டு, நாற்காலிக் கையைக் குத்தினாராம். தப்பாக வருவது அவருக்கே தெரிகிறது என்றாள். வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தது அதனால்தான் போலிருக்கிறது. நான் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் நாலு தடவை இருக்கிறது, திங்கள் முதல் வியாழன் வரை. எனக்குத் திட்டத்தான் வருகிறது, பேச வரவில்லை. அலுத்துப் போய்விட்டேன். ஒரு பகல் ரயில்தானே, தூரம் என்று சொல்லாதே. பேத்தி இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவாள். படிக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன், படிப்பாள்.

உன்னைப் பார்த்ததும் அவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். வேறு சொல் அவரிடம் இல்லை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவருக்கு எதிரில் உட்கார்.

நன்றாக இரு.

வழி பார்த்திருக்கும்
அம்மா