பெருநாள் போட்டோவில் இருக்கும் சிவப்புச் செருப்பு

சாஃபி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அல்லாலுக்கு, உங்கள் ஹனியாவின் ஸலாம்.

நானும் நம் மகள் இப்திஹாலும் நலம். உங்கள் அக்கா தாமுவும் நலம்தான். காலையிலிருந்து வாய் ஓயவில்லை. ஸ்பெயினில் தக்காளி பயிராகும் அந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வெக்கை தாங்க முடியவில்லை என்றீர்களே, வேளைக்குத் தண்ணீர் குடிக்கிறீர்களா?

முதலில் நல்ல செய்தி. உள்பக்கம் மடங்கிப் பிறந்த நம் மகளின் வலது பாதம் நேராகிவிட்டது. நேற்று டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் தூங்கும்போது மட்டும், நடுவில் கம்பி வைத்து இணைத்த அந்த ஜோடி பூட்ஸைப் போட்டால் போதும், நாலு வயது வரை விடக்கூடாது என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இனி, போனில் சொல்ல வாய் வராத விஷயம். வாரம் ஒன்றாக ஆறு மாவுக்கட்டு, குதிகால் தசைநாரைக் கீறிவிட்டு இன்னொன்று, அப்புறம்தான் அந்த பூட்ஸ் வந்தது. குளிப்பாட்டும்போது தவிரக் கழற்றக் கூடாது என்றார்கள். பூட்ஸ் போட்ட மூன்றாம் வாரம் பெருநாள். நீங்கள் அனுப்பிய சிவப்புச் செருப்பும் வந்து சேர்ந்தது. "பெருநாளும் அதுவுமா பச்சப்புள்ள காலுல இரும்பா? ஊர்க்கண்ணு பூரா அதுலதான் விழும். மூணு நாள்தானே, கழட்டுடி" என்றார் உங்கள் அக்கா. அவர்மேல் பழி போடவில்லை. கழற்றியது என் கைதான். எனக்கும் ஆசை.

நாலாம் நாள் பூட்ஸுக்குள் கால் நுழையவில்லை. குதிகால் மேலே ஏறிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் நர்ஸ் சுபைதா என்னைத் திட்டவில்லை. "பாதத்துக்குப் பெருநாள் லீவெல்லாம் கிடையாதும்மா" என்று சொல்லிக்கொண்டே மாவை நனைத்தார். திட்டியிருந்தால் தேவலை. மறுபடியும் இரண்டு கட்டு. பர்ஸில் வைத்துக்கொண்டு எல்லாரிடமும் காட்டுகிறீர்களே, அந்தப் போட்டோவில் அவள் சிரிப்பது அந்த மூன்று நாளில்தான். என்னை மன்னியுங்கள்.

அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. இப்போது அக்காதான் காவல். நான் பூட்ஸின் வாரைத் தொட்டாலே, "ஏன்டி, குளிப்பாட்ட மணி ஆயிடுச்சா?" என்று பாய்கிறார். உங்கள் மகள் அந்தக் கம்பியாலேயே உதைத்து அவருடைய தேநீர்க் கண்ணாடி டம்ளர் மூன்றை உடைத்தாயிற்று. "அப்பனாட்டமே முரடு" என்று பெருமையாகச் சொல்கிறார்.

இன்று காலை நாம் ரொட்டி சாப்பிடும் குட்டை மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன.

சிவப்புச் செருப்பு சின்னதாகிவிட்டது. அடுத்த பெருநாளுக்கு அங்கிருந்து எதுவும் வாங்கி அனுப்பாதீர்கள். நீங்களே வாருங்கள். அவள் பாதத்தை உங்கள் உள்ளங்கையில் வைத்து அளந்துபார்த்து, இங்கேயே ஒரு ஜோடி வாங்குவோம். இறைவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஹனியா